அத்தியாயம் 5: புள்ளிக்கு வலப்பக்கம்

தசம எண்களைத் தொடங்கும் நாளில் பலகையில் எதையும் எழுதாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் கீழே உள்ள ஆறு ஜோடிகளை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எது பெரிதோ அதை வட்டமிட வேண்டும். இரண்டும் சமம் என்று தோன்றினால் நடுவே சமக்குறி போடலாம். விளக்கம் சொல்லாதீர்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவும் விடாதீர்கள்.

0.4 / 0.35
0.75 / 0.3
3.7 / 3.17
4.63 / 4.2
2.05 / 2.5
0.6 / 0.60

தாள்களைத் திருத்தும்போது எத்தனை சரி என்று எண்ணுவதில் பயனில்லை. எவை தவறு என்று பாருங்கள். சில பிள்ளைகள் 0.35, 0.75, 3.17, 4.63, 0.60 என்று நீளமான எண்ணையே வட்டமிட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் உடனே வரும்: "முப்பத்தஞ்சு நாலை விடப் பெருசுதானே அக்கா?" புள்ளிக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் முழு எண்ணாகவே படிக்கிறவர்கள் இவர்கள். வேறு சிலர் நேர்மாறாக 0.4, 0.3, 3.7, 4.2, 0.6 என்று குட்டை எண்ணையே தேர்ந்திருப்பார்கள். இவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் நூறில் எழுதியது எல்லாமே சிறியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாவதாக, 2.05-க்கும் 2.5-க்கும் நடுவே சமக்குறி போடுகிறவர்கள். பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று படித்தது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது!

முதல் வகைப் பிள்ளை இரண்டாவது, நான்காவது ஜோடிகளில் சரியான விடையைத் தந்திருக்கும். இரண்டாம் வகைப் பிள்ளை முதல், மூன்றாம், ஐந்தாம் ஜோடிகளில். ஆகவே 0.75-ஐயும் 0.3-ஐயும் மட்டும் கேட்டுவிட்டு "பிள்ளைக்குப் புரிந்துவிட்டது" என்று டிக் போட்டால் ஏமாந்துபோவோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லேயும் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட ஒப்பீட்டுத் தேர்வை வைத்து, தவறுகள் கன்னாபின்னாவென்று வருவதில்லை, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது என்று காட்டினார்கள். பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடி மொட்டை மாடியிலோ ஊரூர் ஆல்காட் குப்பத்தின் மாலை வகுப்பிலோ இதைக் கொடுத்துப் பாருங்கள், அதே விதிகள் வந்து நிற்கும். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளை, இலவசமாகப் படிக்கும் பிள்ளை என்ற வேறுபாடு இந்த விஷயத்தில் கிடையாது.

வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கர்னல் ஆல்காட் 1894-இல் ஊரூரில் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் இங்கே நடக்கிறது. அந்த நாளிலிருந்தே இங்கு கணக்குப் படிக்க வருகிறவர்கள் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள் அல்ல. உங்கள் மாலை வகுப்பில் தமிழ் வழிப் பிள்ளையும் சி.பி.எஸ்.இ. பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். ஒன்று தசமம் என்னும், மற்றது டெசிமல் என்னும். இரண்டையும் அனுமதியுங்கள். கண்டிப்பு வேறோர் இடத்தில் தேவை.

அந்த இடம் வாசிப்பு. 0.35-ஐ "பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து" என்றுதான் உங்கள் வகுப்பில் வாசிக்க வேண்டும். "புள்ளி முப்பத்தைந்து" என்று யார் வாசித்தாலும், நீங்களே வாசித்தாலும், நிறுத்தித் திருத்துங்கள். "முப்பத்தைந்து" என்று காதில் விழுந்த மறுகணமே 35 என்ற முழு எண் பிள்ளையின் மனதில் ஏறிவிடும். அப்புறம் அது நாலைவிடப் பெரியதுதான். முதல் இரண்டு வாரம் இன்னொரு வாசிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "பத்தில் மூன்று, நூறில் ஐந்து." நாக்கு சுளுக்கும். இருந்தாலும் ஒவ்வொரு இலக்கமும் தன் இடத்தின் பெயரோடு வந்து நிற்பதால் இரண்டாம் வகைத் தவறும் இதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ரூபாயிலிருந்து தொடங்க வேண்டாம்

தசமத்துக்கு எடுத்துக்காட்டு என்றாலே நமக்கு ரூபாய், பைசாதான் நினைவுக்கு வருகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய், 100 நயா பைசா வந்தது. அந்தத் தலைமுறைக்கு ரூபாய் ஓர் அருமையான தசமக் கருவி. கையில் காசு இருந்தது, பத்துக் காசைப் பத்து முறை வைத்தால் ரூபாய் ஆனது. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன. 50 பைசா சட்டப்படி செல்லும், கடைக்காரர்தான் வாங்க மாட்டார். போனில் பணம் அனுப்பும்போது 45.00 என்று வருகிற இரண்டு பூஜ்யங்களும் பிள்ளையின் கண்ணுக்கு வெறும் அலங்காரம்.

கண்ணில் காணாத காசைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ரூபாயில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டே இலக்கம். 7.50 என்றால் ஏழு ரூபாய், ஐம்பது பைசா. பிள்ளை இதை இரண்டு முழு எண்கள், நடுவில் ஒரு வேலி என்றுதான் புரிந்துகொள்கிறது. மேலே பார்த்த முதல் வகைத் தவறை வளர்ப்பதற்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. ரூபாய் பின்னால் வரட்டும், கூட்டல் கழித்தலுக்கு. தொடக்கம் நீளத்தில் இருக்கட்டும்.

கயிற்றுக் கோடு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஹார்டுவேர் கடையில் பத்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நைலான் கயிறு வாங்குங்கள். ஒரு முனையில் கொஞ்சம் விட்டுச் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், அது 0. சரியாகப் பத்து மீட்டரில் இன்னொரு டேப், அது 1. இடையில் வேறெந்தக் குறியும் வேண்டாம். ஒரு மீட்டர் அளவுகோல், ஒரு சாதாரண 15 செ.மீ. ஸ்கேல், எண்கள் எழுதிய அட்டைகள், துணி கிளிப்புகள். எலியட்ஸ் கடற்கரையில் காற்று எந்நேரமும் அட்டையைப் பிடுங்கும், ஆகவே கிளிப் அவசியம். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டிக் கூட்டமில்லாத இடமாகப் பார்த்துக் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. கடற்கரைக்குப் போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் பத்து மீட்டர்க் கோடு போட்டாலும் போதும்.

அளக்காமல், கண் மதிப்பில் தொடங்குங்கள். "இதுதான் பூஜ்யம், அதுதான் ஒன்று. பூஜ்யம் புள்ளி நாலு எங்கே இருக்கும்? போய் நில்லு." ஒரு பிள்ளை போய் நிற்கும். மற்றவை தள்ளிப் போ, கிட்டே வா என்று கத்தும். கத்தட்டும். பிறகு மீட்டர் அளவுகோலைக் கொடுத்துக் கயிற்றைப் பத்துப் பங்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு ஒரு மீட்டர். நான்காவது குறியில் 0.4 அட்டையைக் கிளிப்பில் மாட்டுங்கள்.

இப்போது 0.35 அட்டையை, முன்பு அதைப் பெரியது என்று வட்டமிட்ட பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். அது 0.4-ஐத் தாண்டிப் போகப் பார்க்கும். தடுக்காதீர்கள். "பத்தில் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று. மூன்றாவது குறிக்குப் போகும். "அப்புறம் நூறில் எத்தனை?" இங்கேதான் பிள்ளை திகைக்கும், ஏனென்றால் நூறில் ஒன்று எவ்வளவு நீளம் என்று இதுவரை யாரும் காட்டவில்லை. அந்த ஒரு மீட்டர்ப் பங்கை மறுபடி பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்து செ.மீ., ஒரு சாண் கூட வராது. அப்படி ஐந்து வைத்தால் அரை மீட்டர். மூன்றரை மீட்டரில் நிற்கிற பிள்ளை தலையைத் திருப்பினால் 0.4 அட்டை தனக்கு முன்னால், அரை மீட்டர் தள்ளி ஆடிக்கொண்டிருப்பது தெரியும். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து 0.125. மூன்று இலக்கம். முதல் வகைப் பிள்ளைகள் இதை எல்லாவற்றுக்கும் அப்பால் வைக்கத் துடிப்பார்கள். அளந்து பார்த்தால் 1.25 மீட்டரில், 0-க்குப் பக்கத்தில் போய் உட்காரும். ஆயிரத்தில் ஒன்று இந்தக் கயிற்றில் ஒரு செ.மீ., அதற்கு 15 செ.மீ. ஸ்கேலை எடுத்தாக வேண்டும். பத்தில் ஒன்றுக்கு ஒரு பெரிய எட்டு, நூறில் ஒன்றுக்கு உள்ளங்கை அகலம், ஆயிரத்தில் ஒன்றுக்கு ஒரு விரல் அகலம் என்று உடம்பே அளவைப் பழகிக்கொள்ளும்.

இரண்டாம் வகைப் பிள்ளைகளுக்கு 0.75-உம் 0.3-உம் கொடுங்கள். நூறில் ஒன்று சிறியதுதான், ஆனால் இங்கே அதற்கு முன்னால் பத்தில் ஏழு இருக்கிறது என்பதை அவர்கள் நடந்தே கண்டுபிடிப்பார்கள். 0.6, 0.60 இரண்டையும் ஒரே சமயத்தில் இரண்டு பேரிடம் கொடுத்தால், கயிற்றில் ஒரே இடத்துக்குப் போட்டி வந்து இடித்துக்கொள்வார்கள். அது வகுப்புக்கு நல்லது.

கடைசியாக ஒரு கேள்வி: 0.4-க்கும் 0.5-க்கும் நடுவே எத்தனை எண்கள்? "ஒண்ணுமே இல்லை" என்று சிலர், "ஒன்பது" என்று சிலர் சொல்வார்கள். ஒன்பது என்று சொன்னவரிடம் 0.41-க்கும் 0.42-க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் கேட்க வேண்டியிருக்காது, அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

குட்டை எண்ணின் பின்னால் பூஜ்யத்தை ஒட்டி, 0.40, 0.35 என்று நீளத்தைச் சமமாக்கி ஒப்பிடும் வழியைப் பல டியூஷன்களில் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். விடை சரியாக வரும். ஆனால் பிள்ளை மறுபடி 40-ஐயும் 35-ஐயும் முழு எண்களாகத்தான் ஒப்பிடுகிறது. கயிற்று வேலை முடியும்வரை அந்த வழியைச் சொல்லாதீர்கள்.

புள்ளி இருந்தும் தசமம் அல்லாதவை

பிள்ளைகள் தினமும் பார்க்கும் புள்ளிகளில் பாதி போலி. கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கத்தில் 17.3 ஓவரில் 140 ரன் என்று திரையில் வருகிறது. பக்கத்தில் ரன் விகிதம் 8.00. வகுப்பில் 140-ஐ 17.3-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், 8.09 வரும். திரை தப்பா, நாம் தப்பா? இந்த ஒரு கேள்வியில் பின் பெஞ்சுப் பையன்களும் எழுந்து உட்காருவார்கள். 17.3 என்றால் பதினேழு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, மூன்று பந்து அரை ஓவர். ஆகவே வகுக்க வேண்டியது 17.5-ஆல். 140-ஐ 17.5-ஆல் வகுத்தால் சரியாக 8. ஒரே திரையில் 17.3-இல் இருப்பது போலிப் புள்ளி, 8.00-இல் இருப்பது அசல் புள்ளி.

மணியும் அப்படித்தான். மாலை 5.30 என்றால் ஐந்தரை; 5.3 அல்ல, 5.5. பாடநூலில் பயிற்சி 2.9-க்கு அடுத்து பயிற்சி 2.10 வருகிறது, தசமமாக இருந்தால் 2.10 என்பது 2.1, அது 2.2-க்கு முன்னால் வர வேண்டும். 15.8.1947 என்ற தேதியில் இரண்டு புள்ளிகள் இருப்பதால் அதைச் சந்தேகிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, எது அசல், எது போலி என்று பிரிக்கச் சொல்லுங்கள். சோதனை ஒன்றுதான்: புள்ளிக்கு அடுத்த இடத்தில் பத்து சேர்ந்தால் இடப்பக்கம் ஒன்று கூடுகிறதா? கூடினால் தசமம்.

தராசு

கயிற்றுக்கு அடுத்து எலக்ட்ரானிக் தராசு. மீன் விற்கும் இடத்திலும் காய்கறிக் கடையிலும் இருக்கும் தராசு கிலோவில் மூன்று தசம இடங்கள் காட்டும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்குச் சொல்வார்கள். 0.650 என்றால் அறுநூற்று ஐம்பது கிராம். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. கடைசிப் பூஜ்யத்தை விரலால் மறைத்துக்கொண்டு, "இப்போ மீன் குறைஞ்சுதா?" என்று கேளுங்கள். "இல்லக்கா." புள்ளிக்கு அடுத்த 6-ஐ மறைத்தால்? அங்கே ஒரு கணம் அமைதி, பிறகு பெரிய சிரிப்பு. இஞ்சி 50 கிராம் என்பதை 0.50 என்று எழுதுகிற பிள்ளையிடம், அரைக் கிலோ இஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது என்று கேளுங்கள்.

நம் வாயில் புழங்கும் அரை, கால், அரைக்கால் எல்லாம் இரண்டிரண்டாகப் பிரித்து வந்தவை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள் மாகாணி, முந்திரி வரை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தராசோ பத்துப் பத்தாகப் பிரிக்கிறது. அதனால்தான் அரைக்கு 0.5 என்று ஓர் இடம் போதுமானதாக இருக்கிறது, காலுக்கு 0.25 என்று இரண்டு இடமும், அரைக்காலுக்கு 0.125 என்று மூன்று இடமும், மாகாணிக்கு 0.0625 என்று நான்கு இடமும் வேண்டியிருக்கிறது. பாதி பாதியாக்கும்போதெல்லாம் ஏன் ஓர் இடம் நீள்கிறது என்று கேட்டு வையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை யாராவது பதிலோடு வரும்.

பிள்ளைகள் தடுமாறினால் எரிச்சல்படாதீர்கள். இடமதிப்பு எண் முறை இந்தியாவில் வேரூன்றிப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான், பத்தாம் நூற்றாண்டில், டமாஸ்கஸில் அல் உக்லிதிசி ஒன்றாம் இடத்துக்கு வலப்பக்கமும் அதே முறையை நீட்டி எழுதினார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் அதைப் பரப்பியது 1585-இல். ஸ்டெவினிடம் புள்ளியே இல்லை. ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் வட்டத்துக்குள் 0, 1, 2, 3 என்று இடத்தைக் குறித்தார். ரொம்பவே குழம்புகிற பிள்ளைக்கு இது இன்றும் உதவும். ஒரு வாரம் இலக்கங்களுக்குக் கீழே பென்சிலால் அந்த வட்டங்களைப் போடட்டும்.

நான்கு செய்கைகள்

கூட்டல், கழித்தலில் ஒரே நோய்தான்: 3.5, 12.75, 0.8 மூன்றையும் முழு எண்போல வலது ஓரம் பார்த்து அடுக்குவது. கட்டம் போட்ட நோட்டைக் கொடுங்கள், கட்டத்துக்கு ஓர் இலக்கம், புள்ளிகள் ஒரே நெடுங்கோட்டின் மேல். அதற்கு முன்னால் தோராய விடையை வாயால் சொல்ல வேண்டும்: "பதினேழு சுமாருக்கு வரும்." 17.05 வந்தால் நிம்மதி.

பத்தால் பெருக்கினால் "புள்ளி நகரும்" என்று சொல்லாதீர்கள். புள்ளி எப்போதும் ஒன்றாம் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இலக்கங்கள்தான் இடம் பெயர்கின்றன. இதைச் சொல்லிவைத்தால், "பத்தில் ஒன்று இருக்கு, ஒன்றில் ஒன்று எங்கே?" என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் கிடைக்கும். எண்ணின் நடு ஒன்றாம் இடம்தான். அதற்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று.

பெருக்கினால் பெருகும் என்று ஐந்து ஆண்டுகளாக நம்பி வந்த பிள்ளைக்கு 0.5 × 0.5 = 0.25 என்பது அநியாயமாகத் தெரியும். பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்து, அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் வண்ணம் தீட்டினால் நூறில் இருபத்தைந்து கட்டம். பாதியில் பாதி கால். அதே போல, கிலோ 400 ரூபாய் மீனில் 0.650 கிலோ என்றால், அரைக் கிலோவுக்கு 200, முக்கால் கிலோவுக்கு 300, ஆகவே விடை இரண்டுக்கும் நடுவே என்று முதலில் சொல்லட்டும். அப்புறம் பெருக்கி 260 என்று எழுதட்டும். 2600 எழுதிவிட்டுப் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கும் நிலை அப்போது வராது.

வகுத்தலுக்கு ஆவின் பூத்தே போதும். கல்யாண வீட்டுக்கு 6 லிட்டர் பால் வேண்டும், அரை லிட்டர் பாக்கெட் எத்தனை? பன்னிரண்டு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதையே 6 ÷ 0.5 = 12 என்று பலகையில் எழுதுங்கள். வகுத்தும் எண் பெரிதானதைப் பிள்ளைகளே கவனிக்கும்வரை காத்திருங்கள். புள்ளியை ஒழித்துவிட்டு நெடுவகுத்தல் செய்யும் முறையை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

வீட்டில் தி. நகர் நகைக்கடை பில் ஏதாவது இருந்தால், பெயர், எண்களை மறைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். தங்கத்தின் எடை கிராமில் மூன்று தசம இடம்வரை இருக்கும். சவரன் 8 கிராம் என்று வைத்து, 11.940 கிராம் சங்கிலி ஒன்றரைச் சவரனுக்கு எவ்வளவு குறைவு என்று கேளுங்கள். 0.060 என்று வந்தால், கடைசிப் பூஜ்யம் எதற்கு, நடுப் பூஜ்யம் எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்த பிள்ளைக்குத்தான் சேதாரமும் செய்கூலியும், அதாவது அடுத்த அத்தியாயத்தின் சதவீதமும். தெரியாவிட்டால் சதவீதத்தைத் தொடாதீர்கள். தேர்வு நெருங்கினாலும், பெற்றோர் அவசரப்படுத்தினாலும், இன்னும் இரண்டு வாரம் தசமத்திலேயே இருங்கள்.